மெய்க்கீர்த்தியும் செக்ரோலும்: கெடாத் தமிழர் வரலாற்றை மூலச் சான்றுகளால் கற்பித்தல்

கெடா மாநிலத்துத் தமிழ் மாணவன் ஒருவனிடம் அவன் வாழும் மண்ணின் பழமை யாது என்று கேட்டால், இராசேந்திர சோழன் கடாரம் வென்றான் எனத் தயங்காமல் விடை கூறுவான். ஆண்டு 1025 என்பதையும் சேர்த்துச் சொல்வான். அவனிடமே, உன் பாட்டனார் எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார், எந்த ஆண்டில் இந்நாட்டில் கால் வைத்தார், அன்று அவருக்கு நாட்கூலி எத்தனை காசு என்று வினவினால் வாய் திறவான். ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட செய்தி நாவில் நிற்கிறது. மூன்று தலைமுறைக்கு உட்பட்ட செய்தி நிற்கவில்லை. இது நினைவாற்றலின் குறை அன்று. முன்னதை மேடையும் பாடநூலும் ஓயாது சொல்லிக் கொடுத்தன. பின்னதை எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. கூர்ந்து நோக்கின், முன்னதும் அவன் கைக்கு முழுமையாக வந்து சேரவில்லை என்பது விளங்கும். அவனுக்குக் கிடைத்தது முடிவு மட்டுமே. அம்முடிவுக்கு அடிப்படையான கல்லெழுத்தை அவன் கண்டதில்லை. அதை வெட்டுவித்தவர் யார், ஏன் வெட்டுவித்தார் என்று கேட்கும் வாய்ப்பும் அவனுக்கு வந்ததில்லை.

ஒரு நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே, அதனோடு தொடர்புடையோர் விட்டுச் சென்ற எழுத்தும் பொருளும் மூலச் சான்று எனப்படும். கல்வெட்டு, செப்பேடு, கடிதம், கணக்கேடு, நாளிதழ், நிழற்படம், கல்லறைக் கல் ஆகிய யாவும் இதனுள் அடங்கும். கண்டவர் வாய்மொழியும் ஒருவகையில் சான்றே. மாணாக்கரைக் கூட்டி வைத்து மூல ஆவணங்களை ஆராயும் முறையை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் செருமானிய அறிஞர் ராங்கே பெர்லின் பல்கலைக்கழகத்தில் வழக்கமாக்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதனை எளிமையாக்கித் தரலாம் என்று இங்கிலாந்தில் கீட்டிஞ்சு என்னும் ஆசிரியர் 1910இல் நூல் எழுதினார். தமிழ்நாட்டில் சதாசிவப் பண்டாரத்தார் கல்வெட்டுகளைக் கொண்டே பிற்காலச் சோழர் சரித்திரத்தை எழுதியதைத் தமிழாசிரியர் அறிவர். ஆகவே இம்முறை நமக்குப் புதிதன்று. ஆராய்ச்சியாளர் அறையிலிருந்து அது வகுப்பறைக்கு வரவில்லை என்பதே குறை.

கடாரத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இராசேந்திரனின் கல்வெட்டில், அவன் அலைகடல் நடுவே பல கலம் செலுத்தி, கடாரத்து அரசனாகிய சங்கிராம விசயோத்துங்கவர்மனை யானைப் படையோடு அகப்படுத்தி, அவன் குவித்து வைத்த பெருநிதியையும் நகர்வாயில் தோரணத்தையும் கவர்ந்த செய்தி விரிவாக வருகிறது. ஊர்களின் பட்டியலும் உண்டு. இதனை ஹூல்ட்சு என்னும் கல்வெட்டறிஞர் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் பதிப்பித்தார். இப்பகுதிக்கு மெய்க்கீர்த்தி என்று பெயர். அப்பெயரே மாணவனுக்குப் போதிய எச்சரிக்கையாகும். வென்றவன் புகழை வென்றவன் நாட்டில், வென்றவன் கோயிலில், வென்றவன் ஆணையால் பொறித்த எழுத்து அது. அதிலுள்ள செய்தி பொய் என்பது இதன் பொருள் அன்று. படையெடுப்பு நடந்தது என்பதில் அறிஞரிடையே ஐயமில்லை. ஆனால் படையெடுத்தான், கவர்ந்தான் என்று அது கூறுகிறதே தவிர, தங்கி ஆண்டான் என்று கூறவில்லை. வகுப்பறையிலும் விழா மேடையிலும் ‘சோழர் கெடாவை ஆண்டனர்’ என்று எளிதில் வந்து விழும் சொற்றொடருக்கு அக்கல்வெட்டில் இடமில்லை. மாணவன் தானே வரிவரியாகப் படித்தால் இதனைக் கண்டுகொள்வான்; ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை.

இக்கல்வெட்டைத் தனியே கொடுத்துவிட்டு நிறுத்துவது தவறு. அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு செப்பேடு உண்டு. ஹாலந்துக்குக் கொண்டு செல்லப்பட்டதால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றவை அவை. பெரிய லெய்டன் செப்பேடு 21 ஏடுகள் கொண்டது. வடமொழிப் பகுதி ஐந்து ஏடுகளிலும் தமிழ்ப் பகுதி பதினாறு ஏடுகளிலும் அமைந்துள்ளன. கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் எடுக்கத் தொடங்கி, அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் முடித்த புத்த விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தது அதன் செய்தி. ஆண்டு 1006. சிறிய லெய்டன் செப்பேடு முதலாம் குலோத்துங்கன் காலத்தது, ஆண்டு 1090. கடாரத்து அரசன் தூதர் வேண்டிக்கொண்டபடி, நாகப்பட்டினத்து விகாரங்களுக்குரிய ஊர்களுக்கு வரிச் சலுகை தரப்பட்டதை அது கூறும். நட்பு, போர், மீண்டும் நட்பு என மூன்று ஆவணங்கள் எண்பத்து நான்கு ஆண்டுகளுக்குள் வரிசைப்படுகின்றன. தேதியை மறைத்து மூன்றையும் மாணவர் கையில் கொடுத்து, எது முன், எது பின் என்று கேட்கலாம். பெரும்பாலோர் போரை முதலில் வைத்து, நன்கொடையைத் தோற்றவர் பணிவாகக் கொள்வர். உண்மை வரிசை தெரியும்போது எழும் வியப்பே அன்றைய பாடம்.

இனி மண் என்ன சொல்கிறது? மெர்போக் பகுதியில் பூஜாங் பள்ளத்தாக்கு எனப்படும் இடத்தில் குவாரிட்ச் வேல்சும் அவர் துணைவியாரும் 1936, 1937ஆம் ஆண்டுகளில் அகழ்ந்து பல கோயில் அடித்தளங்களைக் கண்டனர். புக்கிட் பத்து பகாட் கோயில் அலஸ்டர் லாம் மேற்பார்வையில் 1960ஐ ஒட்டிச் சீரமைக்கப்பட்டது. சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் நடத்திய அகழ்வில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. சோழர் கலம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே தொழிலும் வணிகமும் இருந்தன என்பது அதனால் தெளிவாகிறது. 1834இல் ஜேம்ஸ் லோ என்னும் படைத்தலைவர், பினாங்கை அடுத்த வெல்லெஸ்லி மாநிலத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். இரத்தமிருத்திகை என்னும் ஊரைச் சேர்ந்த மாநாவிகன் புத்தகுப்தன் என்று அதில் வடமொழியில் பொறித்திருக்கிறது. அவ்வூர் வங்கத்தில் இருந்ததென்பது ஆராய்ச்சியாளர் கருத்து. கடாரத்துக் கரையில் இறங்கியவர் யாவரும் தமிழர் அல்லர் என்பதை அந்த ஒரு கல்லே காட்டும். இதனைக் கூறினால் தமிழுணர்வு குன்றிவிடும் என்று அஞ்சுவோர் உளர். சான்றைக் கண்டு குன்றும் உணர்வு உறுதியான உணர்வாக இருக்க முடியாது.

மண்ணும் என்றென்றைக்கும் காத்திராது. அப்பள்ளத்தாக்கில் 11 என எண்ணிட்ட கோயில் தளம் 2013இல் வீடமைப்பு நிலத்தைச் சமன் செய்கையில் இடிக்கப்பட்டது. செய்தி வெளிவந்தபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. கல்லாலான சான்றுக்கே இந்நிலை எனின், தாளாலான சான்றின் கதியை எண்ணிப் பார்க்கலாம்.

கடாரத்துச் செப்பேட்டை ஆராயக் கற்ற மாணவன், அதே வினாக்களோடு தோட்டத்து ஏட்டுக்கு வர வேண்டும். எழுதியவர் யார்? யாருக்காக எழுதினார்? எதனைச் சொல்லாமல் விட்டார்? இராசேந்திரனின் புலவனிடம் கேட்ட இவ்வினாக்களைத் தோட்டத்துக் கிராணியாரிடமும் கேட்கலாம். அலோர் ஸ்டாரின் மெர்கோங் போன்ற பகுதிகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்குக் கண்ணெதிரே தெரிவது நகரமும் அதனைச் சூழ்ந்த நெல்வயலும்தான். ரப்பர்க் காடு தெற்கே சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் பரந்து கிடந்தது. அங்கிருந்து பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தோட்டம் என்பது பாட்டி சொல்லும் பழங்கதையாகிவிட்டது. எனினும் அவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தேசிய ஆவணக் காப்பகத்தின் கெடா, பெர்லிஸ் கிளை அலோர் ஸ்டாரிலேயே இருக்கிறது. 1882 முதல் 1943 வரை ஆண்ட சுல்தான் அப்துல் ஹமீதின் கடிதத் தொகுதியை யுனெஸ்கோ 2001இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவை ஜாவி எழுத்தில் உள்ளன. தமிழ்ப் பிள்ளைக்கு அவ்வெழுத்து தெரியாது. பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கலாம். இருவரும் ஒரு மேசையில் அமர்ந்து ஒரு கடிதத்தைப் படிப்பதைக் காட்டிலும் நல்ல பாடம் எதுவென்று சொல்வது அரிது.

கெடா 1909இல் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியது. அதன் பின் பிரிட்டிஷ் ஆலோசகர் ஆண்டறிக்கைகள் வெளிவந்தன. அவற்றைத் தொடும் மாணவன் முதலிலேயே இடறுவான். ஆண்டறிக்கையின் ஆண்டு 1345 என்று இருக்கும். சோழருக்குப் பிந்திய காலம் போலும் என்று மயங்குவான். அது ஹிஜிரி ஆண்டு. 1926 ஜூலையில் தொடங்குவது. கெடா கூட்டு மலாய் மாநிலங்களில் சேராத மாநிலம். தன் சமய ஆண்டையே ஆட்சி ஏட்டிலும் பின்பற்றியது. ஓர் எண்ணைப் புரிந்துகொள்ள முயலும்போதே அந்நாட்டின் அரசியல் நிலை மாணவனுக்கு விளங்கிவிடுகிறது. இதனால் இன்னொன்றும் பெறப்படும். பத்துப் பிள்ளைகள் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு விதித்ததாகப் பலரும் எழுதுவர். அது கூட்டு மாநிலங்களுக்கான சட்டம். கெடாவில் எந்த விதி, எந்த ஆண்டில் வந்தது என்பதைக் கெடாவின் ஏட்டிலேயே தேட வேண்டும். சிலாங்கூரின் செய்தியைக் கெடாவுக்கு ஒட்டுவது வரலாறாகாது.

தோட்டத்து ஏடுகளில் தலையாயது செக்ரோல். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணி, வேலை செய்த நாளுக்குக் குறியிட்டு, மாத முடிவில் கூலி கூட்டும் ஏடு அது. பார்வைக்கு வறண்டது, படிக்கத் தெரிந்தவனுக்குப் பேசும். மலாயாவில் தரக்கூலி நிர்ணயமான பகுதிகளில் 1930க்கு முன் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலி. உலகப் பொருளாதார நெருக்கடியில் அது 28 காசும் 24 காசுமாக இறங்கியது. ஒரே வேலைக்காட்டில் ஒரே பொழுதில் மங்கைத் தூக்கிய கணவனுக்கும் மனைவிக்கும் ஏன் இருவேறு கூலி என்று பத்து வயதுச் சிறுமி கேட்பாள். அக்கேள்விக்கு ஏட்டில் விடையில்லை. எழுதியவருக்கு அது கேள்வியாகவே தோன்றவில்லை என்பதுதான் விடை.

செக்ரோலில் வெற்றிடமும் சான்றாகும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம், பர்மா இரயில் பாதைக்கு ஜப்பானியர் தோட்டத் தமிழரை ஆயிரக்கணக்கில் கொண்டு சென்றனர். திரும்பி வராதவர் மிகப் பலர். 1943 அக்டோபரில் கெடா சயாமின் ஆட்சிக்கு மாற்றப்பட்டதால் ஏடுகளின் தொடர்ச்சியும் அறுந்தது. போருக்கு முன் உள்ள பெயர்ப் பட்டியலையும் 1946இன் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்க்க வாய்த்தால், எந்தெந்தப் பெயர் இல்லை என்று மாணவன் விரல் வைத்து எண்ணுவான். அங்கே ஆசிரியர் பேசாமல் இருப்பது நன்று.

பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டையும் எளிதாக எண்ணிவிடல் ஆகாது. தந்தை பெயர், தொழில், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவை அதில் உண்டு. ஓராண்டில் ஒரே மாதத்தில் பல பெயர்கள் ஒருசேர அடிபட்டிருந்தால், தோட்டம் விலைபோயிருக்கலாம் என ஊகிக்க வேண்டும். 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் பல குடும்பங்களை லயத்திலிருந்து வெளியேற்றியது. 1969க்குப் பின், குடியுரிமை இல்லாதார் வேலை அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வர, பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். ‘இந்தியா சென்றான்’ என்று தலைமையாசிரியர் எழுதிய இரு சொற்களுக்குப் பின்னால் ஒரு சிவப்பு அடையாள அட்டையின் கதை இருக்கும். அந்த அட்டை இன்னும் சில வீடுகளில் தகரப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. அதனுடன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது தந்த சீட்டும் கிடக்கலாம். அப்பெட்டியை மாணவன் பாட்டியின் இசைவோடு திறக்க வேண்டும். எல்லாவற்றையும் வகுப்பில் காட்டச் சொல்லி வற்புறுத்துவது முறையன்று. கங்காணியின் ஆள் சேர்ப்பு ஏடுகளில் சாதியும் எழுதப்பட்டது. அதனை நாற்பது பிள்ளைகள் நடுவே உரக்கப் படிப்பது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று.

கெடாவின் தோட்ட வரலாற்றில் மூலச் சான்றுகளை ஒப்பிட்டுக் கற்க மிகப் பொருத்தமானது 1947. ஜப்பானியர் ஆட்சி முடிந்ததும் இம்மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை என்னும் இயக்கம் எழுந்தது. பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி அதனை முன்னின்று நடத்தினார். கள்ளுண்ணாமை அதன் முதற் கொள்கை. இளைஞர் அணிவகுத்துப் பயிற்சி செய்தனர். கள்ளுக்கடை முன் மறியல் செய்தனர். இந்திய தேசிய இராணுவத்தில் இருந்து திரும்பியோரின் கட்டொழுங்கு அதில் படிந்திருந்தது. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்றிருந்த காலத்தில், நிமிர்ந்து நடக்கும் அணி தோன்றியதே நிர்வாகத்துக்குப் பெருங்கலக்கம். 1947இன் தொடக்க மாதங்களில் பீடோங் வட்டாரத்தில் போலீசாருடன் மோதல்கள் நேர்ந்தன. உயிரிழப்பும் உண்டு. பலர் சிறை சென்றனர்.

இந்நிகழ்ச்சியைப் பற்றி அரசு ஏடு உண்டு. தோட்ட முதலாளிமார் எழுத்து உண்டு. ஆங்கில நாளிதழ் உண்டு. தமிழ் நாளிதழ் உண்டு. மறு ஆண்டில், ஆபரி, டாலி என்னும் இரு பிரிட்டிஷ் தொழிற்சங்கத்தார் மலாயாத் தொழிலாளர் நிலை பற்றி அளித்த அறிக்கையும் உண்டு. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை மின்வடிவில் வைத்திருப்பதால், 1947இன் ஆங்கிலச் செய்தியை மாணவன் கைப்பேசியிலேயே காணலாம். இங்கே தமிழாசிரியருக்கே சிறப்பாக உரிய ஒரு பணி இருக்கிறது. ஒவ்வோர் ஏடும் அக்கூட்டத்தை எந்தச் சொல்லால் குறிக்கிறது என்று பார்க்கச் சொல்லலாம்: கும்பல் என்றா, தொழிலாளர் என்றா, தொண்டர் என்றா? அடுத்து வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும். ‘போலீசார் தாக்கினர்’ என்பது செய்வினை; ‘ஒருவர் தாக்கப்பட்டார்’ என்பது செயப்பாட்டுவினை. பின்னதில் எழுவாய் மறைந்துவிடுகிறது. அதனோடு பொறுப்பும் மறைந்துவிடுகிறது. இலக்கண வகுப்பில் உயிரின்றிக் கிடக்கும் பாடம் இங்கே உயிர் பெறுவதைக் காணலாம்.

ஆயினும் அரசு ஏடு பொய், தமிழ் ஏடு மெய் என்று பிரித்துவிடுவது சோம்பல். கள்ளுக்கடை ஆதாயம் தொழிலாளர் நலனுக்குச் செலவிடப்பட்டதாக நிர்வாகம் கணக்குக் காட்டியது. அக்கணக்கைப் படிக்காமல் அதனை மறுக்கவும் இயலாது. தொண்டர் படையும் தோட்டத்தார் அனைவருடைய குரல் என்று கொள்ள முடியாது. குடிப்பவனைத் தண்டித்த அமைப்பைப் பற்றிக் குடித்தவன் என்ன நினைத்தான் என்பதற்கு எழுத்துச் சான்று கிடைப்பது அரிது. நம்மவர் எழுதியதிலும் சார்பு இருக்கும். சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் 1936 இறுதியில் மலாயா வந்து, 1937இல் அறிக்கை தந்தார். கங்காணி முறையில் ஆள் சேர்ப்பதை நிறுத்தலாம் என்றார்; பொதுவில் தொழிலாளர் நிலை குறித்து அவர் கண்ட நிறைவை அன்றே பலர் கண்டித்தனர். அடுத்த ஆண்டிலேயே, 1938இல், கூலியாட்கள் உதவி பெற்று மலாயா செல்வதை இந்திய அரசு தடை செய்தது. சாஸ்திரியாரின் அறிக்கையையும் அதனைக் கண்டித்தோர் எழுத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

நேரம் எங்கே என்று ஆசிரியர் கேட்பது நியாயமே. ஐந்தாம் படிவத் தேர்வில் வரலாறு 2013 முதல் கட்டாயத் தேர்ச்சிப் பாடமாயிற்று. தேர்வு நெருங்கும்போது செப்பேட்டை விரிக்க எவருக்கும் துணிவு வராது. அதற்காகப் பாடத்திட்டத்தைக் கலைக்க வேண்டியதில்லை. ஒரு பருவத்துக்கு ஓர் ஆவணம் போதும். அரைப் பக்கம் போதும். கல்வெட்டின் ஐந்து வரி, செக்ரோலின் ஒரு தாள், கோயில் மணியில் பொறித்த கொடையாளி பெயர் ஆகியவற்றுள் ஒன்றை ஒரு மணி நேரம் விடாமல் பார்க்கச் செய்தால், பிறகு பாடநூலில் ஒரு முடிவைக் காணும்போதெல்லாம் ‘இதற்குச் சான்று என்ன?’ என்று பிள்ளையே கேட்பான். அக்கேள்வி சில வேளைகளில் ஆசிரியருக்கு இடையூறாகவும் இருக்கும்.

தோட்ட அலுவலகங்கள் மூடப்பட்டபோதும் நிலம் கைமாறியபோதும் பழைய ஏடுகள் எடைக்குப் போயின. தீக்கும் கறையானுக்கும் போனவையும் உண்டு. எஞ்சியவற்றைப் படியெடுத்து வைப்பது பள்ளிகளால் ஆகக்கூடிய பணி. அதனினும் விரைந்து செய்ய வேண்டியது வாய்மொழிப் பதிவு. 1947இல் பதினைந்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். அவரிடம் போகும் மாணவன், ‘தாத்தா, பீடோங் கலவரத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று தொடங்கினால், அவர் எங்கோ கேட்டதையும் படித்ததையும் கலந்து சொல்வார். அந்த ஆண்டில் எந்த லயத்தில் இருந்தீர்கள், பெரட்டுக்கு யார் எழுப்பிவிடுவார், உங்கள் கங்காணி பெயர் என்ன, அன்று அம்மா என்ன சமைத்தார் என்று தொடங்க வேண்டும். அவர் சொல்வதை, இடையில் நிறுத்தும் இருமலும் தயக்கமும் உட்பட, அப்படியே பதிவு செய்து, தேதியும் இடமும் குறித்து வைக்க வேண்டும். நாளிதழ்ச் செய்தியை அவரிடம் காட்டுவது கடைசியில்தான்.